மூன்று மணி கொழுப்பு

எல் ஆல்ட்டோவில் நான்காயிரம் மீட்டர் உயரம்.
காற்றில் பாதிதான் காற்று, மீதி வெளிச்சம்.
அங்கே இந்த எஞ்சினை
அரைவயிற்றுக்குப் பழக்கியிருந்தேன்.
எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றும்.

ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு
கொச்சபாம்பாவில் இறங்கியபோது விடியவில்லை.
பள்ளத்தாக்கின் காற்று
கஞ்சி மாதிரி நெஞ்சுக்குள் இறங்கியது.

லிம்பெர் வந்திருந்தான்,
முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு.
கட்டில், கடன், தையல் மெஷின்
எல்லாம் பங்கு பிரித்து இரண்டு வருடமாகிறது.
இந்தக் காரை மட்டும் பிரிக்க முடியவில்லை.
விரல் அவனுடையது,
காது என்னுடையது.

"எத்தனை மணி?" என்றான்.
எங்களுக்குள் மணி என்றால் நேரம் அல்ல.
ஊசித் திருகின் தலையில் இருக்கும் கீறலைக்
கடிகார முள்ளாக வைத்துக்கொள்வோம்.
பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்தால்
ஒரு மணி.

"மூன்று மணி திறக்கணும்."
"மூன்றா? கொழுப்பெடுத்து மந்தமாகிவிடும்."
"கொஞ்சம் கொழுப்பு இருந்தால் சாகாது."
எஞ்சினைத்தான் சொன்னேன்.
அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டான்.

பெட்ரோல் இல்லை இதற்கு,
இளஞ்சிவப்பாய் நைட்ரோ.
மூக்கில் விளக்கெண்ணெயும் நகப்பூச்சும் கலந்து ஏறும்.
க்ளோ பிளக்கைச் சூடாக்கி, உசுப்பி,
சும்மா உறுமவிட்டு, எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடித்தேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றில் சுருதி ஒரு இழை ஏறி
அணைந்தது.
சரி.

நான் பல் கூடத்தில் வேலை செய்கிறவள்.
முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பீங்கான் பல் ராவுகிறேன்.
முடியளவு உயரம் கூடினால்
"கடித்தால் கூசுகிறது" என்று திரும்பி வரும்.
சத்தத்தில் எனக்குக் கூசுவது அந்தப் பழக்கம்.

போட்டிக்குச் சற்று முன்
ஊதா நிறச் சோளக்கஞ்சி வாங்கப் போயிருந்தேன்.
திரும்பும்போது கொடி அசைத்துவிட்டார்கள்.

பறந்தது.
மண்மேட்டில் ஏறி, அந்தரத்தில் வால் திருப்பி,
இறங்கின இடத்தில் தூசி எழுமுன் அடுத்த வளைவில்.
உர்கிடி வீட்டுப் பையனின் ஜெர்மன் எஞ்சினுக்குப் பின்னால்
ஒரு முழ இடைவெளியில், இரண்டாவதாக.
கைதட்டினார்கள்.
பின்னால் புகையே இல்லை.
கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

இரண்டு மணி மூடியிருக்கிறான்.

மெலிந்த எஞ்சின்
சாவதற்குச் சற்று முன்புதான் ஆக நன்றாக ஓடும்.
இதை நம்பாதவர்கள் ஆளுக்கொரு பிஸ்டன் கொடுத்துக் கற்றார்கள்.
இன்னும் சிலர் அப்புறமும் கற்கவில்லை.
மேடையில் ரிமோட்டோடு நிற்கிறவன்
காதால் அல்ல, பல்லால் ஓட்டிக்கொண்டிருந்தான்.

எரிபொருள் ஊற்ற வந்தது கார்.
தலையில் எச்சில் வைத்தேன்.
சுர் என்று கேட்கும் முன்பே ஆவி.
வெப்பமானியில் நூற்று நாற்பத்தொன்று.
ஒரு கையால் ஊற்றினேன்,
மறு கையால் ஊசியைத் திறந்தேன்.
ஒரு மணி. இன்னொரு மணி.
"சபீனா, தொடாதே!"
மேடையிலிருந்து அவன் குரல்
மூன்றாவது முறை கேட்டபோது
கார் போய்விட்டிருந்தது.
வெள்ளைப் புகை, ஈர விறகு எரிகிற மாதிரி.
நேர்பாதையில் சோம்பல்.
ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

ஆறாவது.

கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து
சிலிண்டருக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்.
அவன் சக்கரத்தைக் கையால் சுற்றி
பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து நிறுத்தினான்.
மேலே நின்று ஆறினால் இறுகிவிடும்.
அதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"இரண்டாவது வந்திருப்போம்."
"வந்திருப்போம்."
"எஞ்சின் போயிருக்கும்."
துணியை மடித்தேன்.
"அங்கே குளிரா?" என்று கேட்டான்.
"மாடி ஜன்னல் இன்னும் சரியாக மூடுவதில்லை."
இதற்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.
இரண்டு பேரும் சொல்லவில்லை.

இப்போது பஸ் ஏறுகிறது.
முன் இருக்கையில் யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள்.
மடியில் பெட்டி, அதில் எஞ்சின்,
அதன் வயிற்றில் பள்ளத்தாக்கின் கணக்கு.
வளைவுக்கு வளைவு காற்று இளைக்கிறது.
காது அடைக்கிறது.
எச்சில் விழுங்குகிறேன்,
திறக்கிறது.
மறுபடி அடைக்கிறது.

வீடு போனதும் மூன்று மணி மூடவேண்டும்.
இன்றைக்கே வேண்டாம்.